வீட்டு வெந்நீருக்கு எது சரி: கீசரா, கேஸா, சோலாரா, ஹீட் பம்பா?

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோ கலோரி இருக்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால், எந்த விற்பனையாளர் என்ன சொன்னாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் டிசம்பர் காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். ஆளுக்கு ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர் என்றால், 15 டிகிரி ஏற்ற 300 கிலோ கலோரி. அது 0.35 யூனிட். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 84 யூனிட். கோயம்புத்தூரில் தண்ணீர் 22 டிகிரி என்று வைத்தால் நாலு பேருக்கு 1.7 யூனிட் ஆகும். ஊட்டியில் தண்ணீரே 12 டிகிரியில் வரும்போது 2.6 யூனிட். வாளிக்குப் பதில் ஷவர் என்றால் நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஆறு நிமிடத்தில் 48 லிட்டர் போய்விடும். எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கி, கூடவே கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்த யூனிட் உங்களுக்கு என்ன விலைக்கு விழுகிறது என்பது. தமிழ்நாட்டின் 2024 ஜூலை கட்டணப்படி வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்படி 500 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீட்டுக்கு 400 வரை 4.80 ரூபாய், அடுத்த நூறுக்கு 6.45, 501 முதல் 600 வரை 8.55, அதற்கு மேல் இன்னும் கூடும். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலையும் கைவிட்டுப் போகும். கீசர் எரிக்கும் யூனிட் எப்போதும் பில்லின் உச்சி விலையில்தான் உட்காரும். 350 யூனிட் வீட்டில் அது யூனிட்டுக்கு 4.80 ரூபாய்ச் செலவு. கோடையில் ஏசியோடு 700 தொடும் வீட்டில்கூட குளிர்காலத்தில் பில் இறங்கிவிடுவதால், கீசர் ஓடும் மாதங்களின் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். மே மாத பில்லைக் காட்டி கணக்குச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

சென்னையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் வெந்நீர் போடும் நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 170 யூனிட்தான். யூனிட் 8.55 என்றே வைத்தாலும் 1,450 ரூபாய். இந்த வீட்டுக்கு எந்த விலை உயர்ந்த கருவியும் போட்ட காசைத் திருப்பித் தராது. மிச்சம் பிடிக்கும் வழி, இருக்கும் கீசரைச் சரியாக ஓட்டுவதுதான். பெரிய குடும்பம், வருஷம் முழுக்க வெந்நீர்க் குளியல், மலைப்பகுதி, வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருப்பது, இவை வரும்போதுதான் மாற்றுகளைப் பற்றிய பேச்சுக்கே அர்த்தம்.

ஸ்டோரேஜ் கீசர்

மின்சாரக் காயில் எந்தக் கம்பெனியுடையதானாலும் எடுக்கும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுசாகவே சூடாக்கிவிடும். அப்படியானால் ஐந்து நட்சத்திரம் எதற்கு? சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்பதற்கு. 24 மணி நேரமும் ஆனில் வைத்து, தண்ணீருக்கும் அறைக்கும் 45 டிகிரி வித்தியாசம் என்ற கணக்கில் அளப்பது அது. ஒரு சாதாரண 25 லிட்டர் கீசரை நாள் முழுக்க ஆனில் விட்டால் அரை முதல் ஒரு யூனிட் இப்படி வீணாகும். குளிப்பதற்கு அரை மணி முன் போட்டு, குளித்ததும் அணைக்கும் வீட்டில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் பில்லில் தெரியும் வித்தியாசம் கிடையாது. காலையில் ஆளுக்கொரு நேரம் குளிக்கும் வீடு என்றால் ஐந்து நட்சத்திரம் வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் போகிறார்கள். 15 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்றினால், 25 டிகிரி தண்ணீரோடு கலந்து 35 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும். ஒன்றரை வாளிக்கும் மேல். 2 கிலோவாட் காயிலுக்கு இதற்கு 18 நிமிடம். அடுத்தவர் அதற்குள் ரெடியாக வேண்டும், அவ்வளவுதான். 25 லிட்டர் வாங்கினால் ஒருவர் குளிக்கவும் 25 லிட்டரும் சூடாகும்.

தெர்மோஸ்டாட்டை 75-இல் வைக்காமல் 55 முதல் 60-க்குள் வையுங்கள். உப்புத்தண்ணீரில் 60 டிகிரிக்கு மேல் சுண்ணாம்புப் படிவு வேகமாக ஏறும். அதே நேரம், 50-க்குக் கீழே நாள்கணக்கில் தண்ணீரைத் தேங்கவும் விடக் கூடாது. வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா கிருமி வளரும். அதை ஷவரின் நீர்த்துளியோடு மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம்.

போர் தண்ணீர் உள்ள வீட்டில் கீசரைக் கெடுப்பது அந்தப் படிவுதான். காயில் மேல் வெள்ளையாக ஓடு கட்டும், தண்ணீர் காயும்போது கடகடவென்று சத்தம் வரும், காயில் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் கருகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் ஆறியபின் உள்வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியை வடிக்க வேண்டும். பிளேட்டைக் கழற்றினால் காயிலோடு மெக்னீசியம் ஆனோடு ராடும் வெளியே வரும். காயிலை லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டால் ஓடு உதிரும். சுத்தியலால் தட்டக் கூடாது. ஆனோடு ராடு பாதிக்கும் கீழே கரைந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தன்னைத் துருப்பிடிக்கக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது தீர்ந்தால் அடுத்தது தொட்டிதான். புது கேஸ்கெட் போட்டு மூடியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் ஒழுங்காக வரும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே சுவிட்ச். தொட்டி காலியாக இருக்கும்போது போட்டால் காயில் நிமிடங்களில் போய்விடும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், 3 கிலோவாட் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பாயிண்ட், தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். தொட்டியின் பிரஷர் வால்வு வழியாகத் துளித்துளியாகத் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிக்கும் நாளில் தொட்டி வெடிக்காமல் காக்கும் கடைசி அரண் அந்த வால்வுதான்.

இன்ஸ்டன்ட் கீசர்

தண்ணீர் ஓடும்போதே சூடாவதால் இதில் நின்று வீணாகும் சூடு இல்லை. ஆனால் ஓட்டம் குறைவு. 3 கிலோவாட் ஒரு நிமிடத்துக்கு 43 கிலோ கலோரி தரும். சென்னையில் 15 டிகிரி ஏற்ற, நிமிடத்துக்கு 2.9 லிட்டர், ஒரு வாளி நிரம்ப ஏழு நிமிடம். ஊட்டியில் 28 டிகிரி ஏற்ற வேண்டியிருப்பதால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும், வாளிக்கு 13 நிமிடம். சமவெளியில் வாளிக் குளியலுக்கும் சமையலறை சிங்குக்கும் நல்ல தேர்வு. மலையில் வேண்டாம், ஷவருக்கும் வேண்டாம்.

வாட்டர் ஹீட்டர் ராடும் அதே யூனிட்டைத்தான் எடுக்கும், 1.5 கிலோவாட் ராடு சென்னை வாளியைக் காய வைக்கக் கால் மணி நேரம் எடுக்கும். கரண்ட் அதிகம் என்பது வீண்பழி. ஆபத்து என்பது உண்மை. சூட்டைப் பார்க்க வாளிக்குள் கை விடும் அந்த ஒரு கணத்துக்காகவே அதைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கக் கூடாது.

கேஸ் கீசர்

14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. கீசரில் 80 சதவீதம் தண்ணீரில் சேர்ந்தால் 144 யூனிட். சிலிண்டர் 870 ரூபாய் என்றால் யூனிட் 6 ரூபாய். மின்கட்டணம் 4.80 விழும் வீட்டுக்கு நஷ்டம், 8.55 விழும் வீட்டுக்கு லாபம். நிமிடத்துக்கு 6 லிட்டர் மாடல் 25 டிகிரி ஏற்றித் தரும். எந்த வீட்டு மின்சார இன்ஸ்டன்ட் கீசரும் அந்த ஓட்டத்துக்குக் கிட்டே வராது.

ஆனால் இதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. பத்து கிலோவாட் அடுப்பு ஒன்று மூடிய சின்ன அறையில் எரிகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமும் மணமும் இல்லை. மூச்சுத் திணறலும் தெரியாது. தலை சுற்றுகிறதே என்று உணரும்போது கதவைத் திறக்கும் தெம்பு கையில் இருக்காது. வருஷா வருஷம் குளிர்காலத்தில் குளியலறையில் ஆட்கள் இப்படி இறந்துபோகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பது பதில் ஆகாது. சமையலறைக்குப் பின்னால் திறந்த இடத்திலோ பால்கனியிலோ கீசரை வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அப்படி இடம் இல்லாத வீட்டுக்கு கேஸ் கீசர் இல்லை.

மாட்டிய பிறகு வரும் பெரும்பாலான புகார் பர்னர் பற்றவில்லை என்பது. மாடித் தொட்டி கீசருக்கு மேலே நாலைந்து அடியில் இருந்தால் தண்ணீரின் அழுத்தம் போதாது; உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் நகராது, கேஸ் வால்வு திறக்காது. மேல் மாடி வீட்டுக்காரர்கள் வாங்கும் முன்பே இதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம், தீப்பொறி தரும் பேட்டரி தீர்ந்திருப்பது.

சோலார்

சொந்த மொட்டை மாடி உள்ள பெரிய குடும்பத்துக்கு இன்றும் இதுவே முதல் தேர்வு. ஆறு பேர், ஆளுக்கு 30 லிட்டர், கோயம்புத்தூர் பக்கம், வருஷத்தில் 300 நாள் என்றால் ஆண்டுக்கு 1,130 யூனிட் வருகிறது. அதில் 80 சதவீதத்தை வெயில் தந்தால் 4.80 விலையில் 4,300 ரூபாயும், 8.55 விலையில் 7,700 ரூபாயும் மிச்சம். 40,000 ரூபாய்க்குள் முடியும் 200 லிட்டர் அமைப்பு ஐந்து முதல் ஒன்பது வருஷத்தில் முதலைத் திருப்பும்.

200 தேவையா என்பதையும் பார்க்க வேண்டும். 60 டிகிரியில் 100 லிட்டர் இருந்தால், 25 டிகிரி தண்ணீர் கலந்து 230 லிட்டர் குளியல் நீர். வாளியில் குளிக்கும் நாலைந்து பேருக்கு 100 லிட்டர் தாராளம்.

தட்டையான செம்புத்தகட்டு வகையா, கண்ணாடிக் குழாய் வகையா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் தண்ணீர். செம்புத் தகட்டில் தண்ணீர் ஓடும் குழாய்கள் மெல்லியவை. போர் தண்ணீரின் உப்பு சில வருஷத்தில் அடைத்துவிடும். ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் அது இருபது வருஷம்கூட உழைக்கும். உப்புத்தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய்தான் தாங்கும். 58 மி.மீ. விட்டம், 1800 மி.மீ. நீளத்தில் பத்துக் குழாய் 100 லிட்டருக்கு வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் உறைபனிக்கும் கண்ணாடியே; செம்புக் குழாயில் தண்ணீர் உறைந்தால் வெடிக்கும். தொட்டி எஸ்.எஸ். 304, அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று பெருமையாகச் சொல்வார்கள். குளோரைடு மிகுந்த தண்ணீரில் அது வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டையாக அரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்புத் தொட்டி நல்லது.

கண்ணாடிக் குழாயின் அடி முனையில் வெள்ளிப் பூச்சு தெரியும். அது பால் வெள்ளையாக மாறினால் உள்ளிருந்த வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாய் இனி சூடாக்காது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் குழாயையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், வெள்ளையானதை மட்டும் மாற்றலாம். குழாய் உடைந்தால் அதன் வழியே தொட்டி முழுக்கக் காலியாகும். வெயிலில் காய்ந்து நிற்கும் காலிக் குழாயில் நண்பகலில் தண்ணீர் விட்டால் எல்லாமே ஒருசேர விரிசல் விடும். நிரப்புவது விடியற்காலை, அல்லது சூரியன் இறங்கிய பிறகு.

பொருத்துவதில்தான் பாதிக்குப் பாதி கெடுகிறது. குளிர்நீர்த் தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். மாடித் தரையிலேயே சின்டெக்ஸை வைத்திருந்தால் முதலில் மேடை கட்டுங்கள். காற்றுக் குழாய் சின்டெக்ஸின் உச்சியைத் தாண்டி நிற்க வேண்டும். அதை மூடினாலோ அடைத்தாலோ, தண்ணீர் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டி நசுங்கும். திசை தெற்கு. டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்கே நிற்கும் 4 அடிச் சுவர் 3 அடிக்கு நிழல் வீசும். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத இடம் என்பதை டிசம்பர் வெயிலை நினைத்து முடிவு செய்யுங்கள், ஏப்ரல் வெயிலை வைத்து அல்ல.

குளிர்நீர்ப் பக்கம் மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் ஒரு விசித்திரமான பழுது வரும். காற்றுக் குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், சோலார் தண்ணீரும் ஆறிப்போகும். மிக்சர் குழாய்க்குள் குளிர்நீர் தன் அழுத்தத்தால் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி மாடிக்கே திரும்பிப் போவதுதான் காரணம். ஒவ்வொரு மிக்சருக்கும் வெந்நீர்ப் பக்கம், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் நிற்கும். பம்ப் உள்ள வீடு என்று முன்கூட்டியே சொன்னால் அழுத்தம் தாங்கும் வகையையே வாங்கலாம்.

குழாய் வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக்காக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. வெந்நீர்ச் சூட்டில் வளைந்துவிடும். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு 15 மீட்டர் என்றால், சூடு வரும் முன் நாலு லிட்டர் போகும். அரை அங்குலத்தில் இரண்டுக்கும் குறைவு. ஈர்ப்பில் மட்டும் ஓடும் மேல் மாடிக்கு முக்கால், கீழ்த்தளங்களுக்கு அரை என்று போடலாம். குழாயின் மேல் சுற்றும் கறுப்பு நுரை உறை வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்தில் உதிரும்; அதன் மேல் அலுமினிய உறை கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழைதான் சோலாரின் பலவீனம். சென்னையிலும் டெல்டாவிலும் வெந்நீர் அதிகம் தேவைப்படும் நவம்பரில் வானம் மூடியிருக்கும். தொட்டிக்குள்ளேயே 2 கிலோவாட் காயில் வைத்துத் தருவார்கள். ஒரு வாளிக்காக அதைப் போட்டாலும் 200 லிட்டரும் சூடாகும். 15 டிகிரிக்கே மூன்றரை யூனிட். அதைவிட, சோலார் குழாயைக் குளியலறையில் இருக்கும் பழைய 10 அல்லது 15 லிட்டர் கீசரின் உள்வழியில் இணைத்து, தெர்மோஸ்டாட்டை 50-இல் வைப்பது மேல். வெயில் நாளில் கீசர் கிளம்பாது, மழை நாளில் குறைவதை மட்டும் நிரப்பும். உங்கள் கீசர் மாடல் சூடான உள்வரவைத் தாங்குமா என்று கம்பெனியிடம் கேட்டபின் செய்யுங்கள்.

மானியம் உண்டு என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். சோலார் வாட்டர் ஹீட்டருக்கான மத்திய அரசு மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கானது: ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்.

அந்தப் பேனல் போடும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், சோலார் வாட்டர் ஹீட்டர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் தரும். சாதாரணக் கீசருக்கே அது போதும். முக்கியமாக, மே மாதத்தில் யாரும் தொடாத வெந்நீர் மாடியில் 80 டிகிரியில் வீணே நிற்கும்போது, பேனலின் யூனிட் ஏசிக்கும் மிக்சிக்கும் போகும்.

ஹீட் பம்ப்

வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு யூனிட் கொடுத்தால் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், நம் ஊர்க் காற்றுச் சூட்டில் அதற்கு மேலும் வரும். மழை, மேகம், நிழல் எதுவும் பாதிக்காது. ஊட்டியின் ஜனவரியில் மட்டும் திறன் இறங்கும்.

200 லிட்டருக்கு ஒரு லட்சத்தை ஒட்டி விலை, கம்பெனிக்குத் தக்க முன்பின். மேலே சொன்ன ஆறு பேர் குடும்பத்தின் 1,130 யூனிட்டில் 750 மிச்சம், 8.55 விலையிலும் 6,400 ரூபாய்தான். பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் கம்ப்ரசர் ஒருமுறை கேட்கும். வீட்டுக்கு இன்னும் இது கட்டுப்படியாகவில்லை. நாளுக்கு 500 லிட்டர், ஆயிரம் லிட்டர் போகும் விடுதி, மகளிர் ஹாஸ்டல், சின்ன மருத்துவமனைக்குத் தயங்காமல் போடலாம். காற்று தாராளமாக வந்துபோகும் இடம், நீர்த்துளி வடிய ஒரு சின்னக் குழாய், படுக்கையறை ஜன்னலிலிருந்து தள்ளி வைப்பது, இந்த மூன்றையும் கவனிக்க வேண்டும்.

யாருக்கு எது

அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு 15 லிட்டர் கீசரும் சுவிட்சை அணைக்கும் பழக்கமும். இரண்டு பேர் மட்டும் வாளியில் குளிக்கும் சமவெளி வீட்டுக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட். தனி வீடு, நல்ல தண்ணீர், ஐந்து பேருக்கு மேல் என்றால் சோலார் செம்புத்தகடு. போர் தண்ணீர் என்றால் கண்ணாடிக் குழாய், மழைக்குப் பழைய கீசர். மலையில் தனி வீடு என்றால் கண்ணாடிக் குழாயோடு 25 லிட்டர் கீசர். சொந்த அடுக்குமாடியில் மேல் மாடிக்காரர் சோலார் போட விரும்பினால், மொட்டை மாடி பொதுச் சொத்து என்பதால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, குழாய் எந்த டக்ட் வழியாக இறங்கும் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுக்கொள்ள வேண்டும்.